நம்பகமான ஓர் எஸ்.எஸ்.டி.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் போவதற்கு முன்னால் நாலு நாள் கடகடவென்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். அதற்குப் பதிலாக இப்போது வரும் இந்த எஸ்.எஸ்.டி. இருக்கிறதே, அது வாயே திறக்காது. நேற்றுவரை சிரித்துப் பேசிவிட்டு இன்று சொல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் வாடகைக்காரன் மாதிரி. மகளின் கல்யாணப் போட்டோ, பத்திரங்களின் நகல், வீட்டுக் கேமராவின் பதிவுகள் எல்லாம் அதோடு போயின.

நான் ரிட்டயர் ஆகும்வரை நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். நல்ல நூலைப் பார்த்து ரசிக்க எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கெட்ட நூலைக் கண்டுபிடிக்கத்தான் கொடுத்தார்கள். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பழுதைத் தேடுவேன். என் மனைவி சுகந்தி இதைச் சந்தேகப் புத்தி என்பாள். நான் ஜாக்கிரதை என்பேன்.

புது டிரைவ் வாங்குவதற்காக ஒரு வாரம் இணையத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நம்பவில்லை. பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கொடுத்திருந்தார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களையும் நம்பவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் எழுத வைத்திருப்பான். வேகத்தைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

கடைசியில் நூறடி ரோட்டில் தியாகுவின் கடைக்குப் போனேன். மகள் காலேஜில் படித்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் அவனிடம்தான். தெரிந்தவன் என்பதால் நம்பிக்கை என்று அர்த்தமில்லை. தெரிந்தவன் ஏமாற்றினால் போய்ச் சண்டை போடலாம், அவ்வளவுதான்.

“வாங்ணா. போயிருச்சுங்களா?”

“போயிருச்சு. போகாத ஒண்ணு குடு.”

“போகாதது ஒலகத்துல ஏதுங்ணா.” அவன் இரண்டு சிறு பெட்டிகளை மேஜைமேல் வைத்தான். “இது சாதாரணது. உள்ள சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறையிலயும் துளி மின்சாரத்தப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்கும். அதுதான் உங்க போட்டோ, பத்திரம் எல்லாமே. எழுதி எழுதி அழிச்சா அறை தேஞ்சுபோகும். முன்னெல்லாம் ஒரு அறைக்கு ஒரு ஆளத்தான் குடி வெச்சாங்க. இப்ப மூணு நாலு பேரத் திணிக்கறாங்க. வெலையும் கம்மி, ஆயுசும் கம்மி.”

“இன்னொண்ணு?”

“இது புதுசு. அறை தேஞ்சு போச்சுன்னா, அங்க என்ன இருந்திருக்கும்னு தானே கணிச்சு ரொப்பிக்கும். படிக்க முடியலைங்கற பேச்சே வராது. ஆயுசுக்கும் கேரண்டி.”

“கணிச்சுன்னா?”

“பழைய கல்யாணப் பத்திரிகையில ஒரு மூலையக் கரையான் தின்னுருச்சுன்னு வைங்க. 'தங்கள் நல்வர'ன்னு நிக்குது. மிச்சத்த நீங்களே படிச்சுக்க மாட்டீங்களா? அந்த மாதிரிதான். உங்க வீட்டு விஷயத்தப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கும். பழகப் பழக நல்லா ரொப்பும்.”

“உன் வீட்டுக்குன்னா எதை வாங்குவே?”

தியாகு கொஞ்சம் யோசித்தான். “நானா இருந்தா சாதாரணதே ரெண்டு வாங்கி, ஒண்ணுல இருக்கறத இன்னொண்ணுல காப்பி எடுத்து வெச்சுக்குவனுங்ணா. போனாலும், போச்சுன்னாவது தெரியும்.”

எனக்கு உடனே பொறி தட்டியது. பழைய சரக்கு தேங்கிக் கிடக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக என் தலையில் கட்டப் பார்க்கிறான். தரக்கட்டுப்பாடு பார்த்தவனிடமா இந்த வேலை? புதியதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்தது, கேட்ட மாத்திரத்தில் கொடுத்தது. எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து பேசி, அஞ்சாறு வீட்டுக்கு அதையே வாங்க வைத்தேன்.

ஹாலில் படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்திருந்தேன். உள்ளே பீரோ இருக்கிறது, அதனால். வீட்டில் சுகந்தியையும் என்னையும் தவிர நடமாடுகிற ஆள் மயிலா ஒருத்திதான். மயிலாத்தாள் என்று பெயர். பாத்திரம் துலக்கி, வீடு கூட்டி, சுகந்திக்கு மூட்டுவலி வந்த பிறகு சமையலிலும் பாதியைப் பார்த்துக்கொள்பவள். கூட்டும்போது தனக்குத் தானே பேசிக்கொள்வாள், சில நேரம் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொள்வாள். அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. எனக்கு உறுத்தியதே அதுதான். மில்லில் ஒரு குறையும் இல்லாத நூல் வந்தால் அதை நான் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பேன்.

ஆகவே தினமும் சாயந்திரம் காப்பியோடு உட்கார்ந்து அன்றைய பதிவைப் பார்ப்பேன். அவள் படுக்கையறை வாசலுக்கு வரும் இடத்தில் நிறுத்துவேன். கை இடுப்புப் பக்கம் போனால் நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடியும் ஓட்டுவேன். எப்போதும் அது கைக்குட்டையாகவோ வெற்றிலையாகவோதான் இருந்தது. ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

தை மாதம் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கக் காங்கயம் பக்கம் போனோம். சுகந்தி காரில் ஏறி உட்கார்ந்த பிறகு நான் வீட்டைப் பூட்டி, சாவியை மயிலாவிடம் கொடுத்தேன். வாசலில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். சாவி ஓர் அவசரத்துக்கு. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பீரோவைத் திறந்தால் சுகந்தியின் இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை.

சுகந்தி அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா போட்ட சங்கிலி. நான் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஊரில் இல்லாத இரண்டாம் நாள், ஹாலில் விளக்கு எரிகிறது. மயிலா படுக்கையறைக்குள் போகிறாள். வெளியே வரும்போது எதையோ இடுப்பில் செருகிக்கொள்கிறாள். நிறுத்திப் பெரிதாக்கினேன். விரல்களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று மின்னியது.

வருத்தமாக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதி.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தமயந்தி பதிவைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். மயிலாவை வரச்சொல்லி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“சாவி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு,” என்று மயிலா சொல்லிக்கொண்டிருந்தாள். “செடிக்குத் தண்ணி ஊத்தீட்டுப் போயிட்டனுங்க. கதவத் தொறக்கவே இல்லீங்க.”

“இதைப் பாரும்மா.”

பார்த்தாள். அவள் முகம் மாறியது. “அது நாந்தானுங்க. அந்தச் சேலை சுகந்தியக்கா குடுத்தது. ஆனா நான் போகலீங்களே.”

மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். அவள் கழுத்தை நீட்டி, திரையில் தன் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ.யை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“போயிருப்பனுங்களா, சார்?”

நடிப்பு என்று நினைத்தேன். நல்ல நடிப்பு என்றுகூட நினைத்தேன்.

நகையைக் கொடுத்துவிட்டால் வழக்கு வேண்டாம் என்று எஸ்.ஐ. சொன்னார். இல்லாத நகையை அவள் எங்கே போய்க் கொண்டுவருவாள்? தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து சாயந்திரம்வரை வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் அவள் வேலை செய்த மற்ற வீடுகளிலும் நிறுத்திவிட்டார்கள். அவள் மகளுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்களாம். சங்கிலியை வேறெங்கும் நாங்கள் தேடவில்லை. அதன் கொக்கி லூசாக இருந்ததும், ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் சுகந்தி அதைப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதுதான் வீடியோ இருக்கிறதே, இனி தேடுவானேன் என்று இருந்துவிட்டோம்.

ஒரு வாரம் போயிருக்கும். சுகந்தி ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசரின் அடியிலிருந்து ஒரு பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள்.

“ஊருக்குப் போறப்பெல்லாம் மெயின ஆஃப் பண்ணீட்டுப் போற மனுசன நான் இந்த ஒரு ஊட்லதான் பாக்கறேன். பட்டாணி அத்தனையும் நாறிப்போச்சுங்க.”

மில்லில் ஒரு முறை ஷார்ட் சர்க்யூட்டில் ஒரு குடோனே எரிந்துபோனதைப் பார்த்தவன் நான். வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைப்பது எனக்குச் செருப்பைப் போடுவது மாதிரி. அணைத்ததும் திரும்பி வந்து போட்டதும்கூட நினைவில் நிற்காது. இன்வெர்ட்டரையும் சேர்த்தேதான் அணைப்பேன்.

“ஆமாம், நான்தான் அணைச்சேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

மெயின் இல்லை என்றால் கேமரா இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. ஹாலில் விளக்கும் இல்லை. அந்த மூன்று நாளும் இந்த வீட்டில் எதுவும் எதையும் பதிவு செய்திருக்க முடியாது.

தியாகுவின் கடைக்கு ஓடினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“கேமரா பதிவுன்னா நடுவுல விடாம ஓடோணும்ணா. நடுவுல மூணு நாளக் காணோம். கரண்ட் இல்லாமப் போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அறை தேஞ்சு அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சு ரொப்பியிருக்குது. காலியா விடறதுக்கு அதுக்குச் சொல்லித்தரலீங்ணா.”

“எதை வெச்சு ரொப்பும்?”

“நீங்க எதைத் திரும்பத் திரும்பப் பாக்கறீங்களோ, அதுதான் வீட்டுக்கு முக்கியம்னு எடுத்துக்கும். ஒவ்வொரு தடவ கேக்கறப்பவும் அதுல இருந்துதான் புதுசா ரொப்பும்.”

“அவ திருடறத நான் ஒரு நாளும் பாக்கலையேப்பா.”

“பாக்கல. பாக்கறப்ப எங்கங்க நிறுத்துனீங்க?”

“அவ கை இடுப்புக்குப் போறப்ப.”

“அது போதும்ணா,” என்றான் தியாகு.

“கம்பெனிக்கு எழுதலாமல்ல?”

“ஒருத்தருக்காக எழுதிப் பார்த்தனுங்ணா. படிக்க முடியாத ஃபைல் ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப டிரைவ் நல்லா இருக்குதுன்னுட்டாங்க.”

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் மயிலா உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். அவளிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மெயினைப் பற்றிச் சொன்னேன். டிரைவ் தானாகப் படம் செய்துகொண்டதைச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாரோ வேறொருத்தியைப் பற்றிக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

“அப்ப நான் எடுக்கலீங்களா, சார்?”

“இல்லை மயிலா.”

“எனக்கே தெரியாமப் போச்சுங்க. நாளைக்கு அம்பது தடவ நெனச்சுப் பாப்பேன். நெனைக்க நெனைக்க நான் உள்ள போற மாதிரியே வருது.” அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் இருக்கும்போது அவள் உட்கார்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

எஸ்.ஐ. தமயந்தி நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“கேமரா பொய் சொல்லுதுங்கறீங்க.”

“கேமரா இல்லைங்க. டிரைவ்.”

“எங்க ஸ்டேஷன்லயும் அதே டிரைவ்தான் சார். அப்ப நாங்க புடிச்சவங்க எல்லாம்?” அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். “உங்கள யாராச்சும் மிரட்டறாங்களா? இல்ல, வேற ஏதாச்சும் இருக்குதா?”

“ஒண்ணும் இல்லைங்க. மெயினை நான் அணைச்சேன். அவ்வளவுதான்.”

“நீங்க சொல்றீங்க. வீடியோவுல விளக்கு எரியுதே. சரி, நகை உங்க மனைவியோடது. அவங்க வந்து, மயிலா திருடலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே அனுப்பி வெச்சர்றேன்.”

ஆக, எல்லாம் சுகந்தி சொல்லும் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. இது சுலபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சுகந்தி நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். “கம்ப்யூட்டரு தானாப் படம் புடிச்சுக்குதாமா,” என்றாள்.

“புடிக்கலை. ரொப்பியிருக்குது. மெயின் ஆஃப்ல இருந்ததை நீயும் வந்து சொன்னா விட்ருவாங்க.”

“ஆஃப்ல இருந்துச்சுன்னு நீங்கதான சொல்றீங்க. நான் கார்ல உக்காந்திருந்தேன்.”

“பட்டாணி கெட்டுப்போச்சே.”

“கரண்ட்டு போயிருக்கும். நம்ம ஊர்ல போகாத நாள் எது?” அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “ஏனுங்க, போன வாரம் வரைக்கும் அவளப் புடிச்சு உள்ள வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. இப்ப அவளுக்காக ஸ்டேஷனுக்கும் கடைக்கும் அலையறீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?”

நியாயமான கேள்விதான். அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாலேயே கேட்டிருப்பேன். என்ன செய்வது, என்னிடம் இருந்தது உண்மை மட்டும்தான்.

“நீயே உக்காந்து பாரு,” என்றேன். “அவ எத்தனை மாசமா இந்த வீட்ல எப்படி இருந்தான்னு பழைய பதிவை எல்லாம் பாரு. அப்ப உனக்கே புரியும்.”

அடுத்த இரண்டு நாள் நான் வக்கீலைப் பார்க்கவும், பொள்ளாச்சி மண்டபத்துக்காரரைத் தேடிப்பிடித்துச் சங்கிலியைப் பற்றி விசாரிக்கவும் அலைந்தேன். அவர் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுகந்தி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். மயிலாவைப் பார்க்கிறாள், மனசு இளகிவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒருத்தரை நம்பிச் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே நுழைந்ததும் கூப்பிட்டாள்.

“இங்க வாங்க.”

திரையில் நாங்கள் ஊருக்குப் புறப்பட்ட காலை. நான் வாசலில் இருந்து ஹாலுக்குத் திரும்பி வருகிறேன். மெயின் சுவிட்ச் சமையலறை வாசலில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறேன். அதுவரை நடந்ததுதான். அதோடு படம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஹாலில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் படுக்கையறைக்குள் போய்த் திரும்பி வருகிறேன். மயிலா வந்து நிற்கிறாள். நான் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் சங்கிலியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடுகிறேன்.

திரையில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். எங்கள் கல்யாண ஆல்பம். தாலி கட்டி நிமிர்ந்தபோது எடுத்த போட்டோ. போன மாதம்தான் அதை ஸ்கேன் செய்து இந்த டிரைவில் போட்டு வைத்திருந்தேன்.

“சுகந்தி, இது நடக்கலை.”

“வீட்டப் பூட்டறதுக்கு அவ்வளவு நேரமான்னு அன்னிக்கே கார்ல நெனச்சேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்க அவளுக்குக் காப்பி டம்ளர் குடுக்கறது, சாவி குடுக்கறது, நின்னு பேசறது, எல்லாம் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல. இன்னிக்குத்தான் இது கண்ணுல பட்டுச்சு.”

“அவ தனியா வந்து எடுக்கற படம் ஸ்டேஷன்ல இருக்குதே. அப்ப அது?”

“இதுல அது இல்லைங்க. அந்த நாள்ல ஹால்ல யாருமே இல்ல. போட்டுப் பாத்துக்குங்க.”

“நீ எதைத் தேடினியோ அதை அது...”

“நீங்க அவளப் பாத்தப்ப கண்டது நெசம். நான் உங்களப் பாத்தப்ப கண்டது பொய்யா?”

வாயைத் திறந்தேன். தியாகு சொன்னது, கரையான் தின்ற பத்திரிகை, தேய்ந்த அறை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவள் முகம் அதற்கு இடம் தரவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, வெளியே போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பதிவை ஒரு பென்டிரைவில் எடுத்துப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

“வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம். மயிலா திருடலைன்னு நான் வந்து சொல்லோணும், அதுதான நீங்க கேட்டது? சொல்லீர்றேன். எங்க ஊட்டுக்காரரு குடுத்தாரு, அவ வாங்கிக்கிட்டாள்னு சொல்றேன்.”

கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். நாங்கள் போனால் மயிலா இன்று சாயந்திரமே வராந்தாவை விட்டு வீட்டுக்குப் போகலாம். எந்தப் பெயரோடு போவாள் என்பது வேறு விஷயம். சுகந்தியைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறாள். அதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நானும் அப்படித்தான் சொன்னேன்.